நிகழ்ச்சியின் தன்மை

விதி இதுதான். மல்யுத்தம் முதலான உடல்மோதல் போட்டிகளில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த எவரையும் களமிறங்க அனுமதிக்கலாகாது. அதற்குக் கீழே, படிப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நினைத்தவர் அச்சிட்டது போன்ற சின்ன எழுத்தில் ஒரு விலக்கு: கலை நிகழ்ச்சிகளுக்கும் நடிப்பு சார்ந்த நிகழ்ச்சிகளுக்கும் மேற்படி வயது வரம்பு பொருந்தாது. முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கக் காகிதங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். எந்த விதியையும் அதன் விலக்கிலிருந்து படிக்கத் தொடங்குகிறவனே பிழைக்கத் தெரிந்தவன் என்பது என் அனுபவம். இதையும் அப்படித்தான் படித்தேன். பயில்வான் விதியை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விலக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

ஊரில் எல்லாருக்கும் அவர் பயில்வான்தான். மனுவில் எழுத வேண்டியிருந்ததால் எனக்கு அவருடைய ஞானஸ்நானப் பெயர் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, ஒருவேளை பங்குச் சாமியாரைத் தவிர. ஆகவே இங்கேயும் அது வேண்டாம். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கினார். சந்தை இல்லாத நாட்களில் அம்மன் கோயில் திருவிழாவோ, மாதா தேரோ, பொருட்காட்சியோ, யார் கூப்பிட்டாலும் போய்க் குஸ்தி போட்டார். இருபது வயதில் தொடங்கியவர் எழுபத்திரண்டு வயதிலும் போட்டார். குஸ்தி காட்டுகிறார் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார்.

"காட்டுறது வித்தை. போடுறதுதான் குஸ்தி."

அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கண் பாதி மூடி, மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும் நேரத்தில் அவர் வருவார். எப்போதும் ஒரே மாதிரிதான் வருவார். அந்தரத்தில், மல்லாந்து, கைகள் விரிந்து.

அப்படித்தான் அவரை நான் முதலில் பார்த்தேன். கலெக்டர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். சாயங்கால வெயில் பாறையில் பட்டு அந்த மைதானம் முழுக்க ஒரு மஞ்சள் தூசியாக மிதந்துகொண்டிருந்தது. மணல் கொட்டிய மேடை, சுற்றிலும் கயிறு. உள்ளே இரண்டு பேர். ஒருவர் கறுப்பு ஜட்டியும் கறுப்புத் துணி முகமூடியுமாக உறுமிக்கொண்டிருந்தார். பேகம்பூர்க்காரர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, மேடைப் பெயர் கறுப்புப் புலி, ஊருக்குப் புலி பாய். இன்னொருவர் பயில்வான். புலி பாய் அவரைத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று சுற்றுச் சுற்றி எறிந்தார். எறிந்ததற்கும் விழுந்ததற்கும் நடுவில் ஒரு நீண்ட நேரம் இருந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. தூசியில் வெளிச்சம் நின்றது. என் நினைவில் அவர் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

தரைக்கு வந்தால் அவர் தோற்றுவிடுவார். அவருடைய வேலையே அதுதான். புலி பாய் ஜெயிப்பதற்காகவே படைக்கப்பட்ட உருவம். பயில்வான் தோற்பதற்கு. முதல் பத்து நிமிடம் இவர் கை ஓங்கும், பெண்கள் கூடக் கைதட்டுவார்கள், பிறகு ஏதோ ஒன்று நடக்கும், இவர் விழுவார். அந்த விழுதலுக்காகத்தான் கூட்டம் வந்தது என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் பிடித்தன. மணலில் முதுகு முழுதும் ஒரே நேரத்தில் படுகிற மாதிரி விழுவார். 'பொத்' என்று ஒரு சத்தம் வரும். அது கடைசி வரிசை வரைக்கும் நெஞ்சில் இறங்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்ட திமிர் இருக்கும். அடுத்த வாரம் பிரியாணிக் கடையில் எதிர் மேசையில் அவரைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நெசமாவே அடிச்சுக்கிறீங்களா?"

அவர் எலும்பை இலை ஓரத்தில் வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி எங்க வேல பாக்குறீக?"

"கலெக்டர் ஆபீஸ்ல."

"நெசமாவே பாக்குறீகளா?"

கடையே சிரித்தது. அன்றிலிருந்து பழக்கம். கையில் காகிதம் ஏதாவது இருந்தால் என்னைச் 'சார்' என்பார். இல்லாவிட்டால் 'தம்பி'.

அதற்குப் பிறகு நானும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், மேடையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சின்னக் குழந்தைகளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். யார் விழுவது, எந்தச் சுற்றில் விழுவது என்பது முன்னாலேயே பேசி வைத்ததுதான். ஆனால் இதை அவர் வாயிலிருந்து யாராலும் வரவழைக்க முடிந்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய தோல்வி என்றாலும் தேதி சொல்லாத குறையாக விளக்குவார்.

"சாணார்பட்டில என்ன ஆச்சு தெரியுமா தம்பி? மழை பேஞ்சு மண்ணு ஈரம். வலது கால் செத்த வழுக்கிருச்சு. அந்தச் சமயம் பாத்து பிடிச்சிட்டான். இல்லேன்னா அவன் என்னைய அசைச்சிருக்க முடியுமா?"

"முடியாதுண்ணே."

"கண்ணுல வெயிலு வேற. மேக்கால பாத்து நிப்பாட்டிட்டாய்ங்க."

குற்றச்சாட்டுக்கு அலுவலர்கள் எழுதும் விளக்கக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் படித்தவன் நான். இவர் சொன்னதில் இருந்த ஒழுங்கு அவற்றில் ஒன்றில்கூட இருந்ததில்லை.

பகையையும் அப்படித்தான் பராமரித்தார்கள். நாற்பது வருடம் பொது இடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. வெளியூர்த் திருவிழாவுக்கு ஒரே டவுன் பஸ்ஸில் போவார்கள். பயில்வான் டிரைவருக்குப் பின்னால் உட்கார்வார், புலி பாய் கடைசி சீட்டில். நடுவில் இடம் காலியாகக் கிடந்தாலும் நகர மாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள். பயில்வான் இலையில் சோறு விழுந்த பிறகு எழுந்து போனார். அவ்வளவு நல்ல ஆட்டுக்கறியை விட்டுவிட்டுப் போக எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது திண்டுக்கல்காரனுக்குத்தான் தெரியும்.

ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல உச்சி வெயில். பெண்கள் வார்டு வாசலில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெரிய உருவம் தூக்குவாளியோடு நின்றது. அந்தத் தோளுக்கு எந்தத் துண்டும் போதாது. நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கஞ்சிதாம்மா. பன்னெண்டாம் நம்பர் கட்டிலு. யாரு குடுத்தாகன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிரும்மா."

"நீங்க யாரு அவங்களுக்கு?"

"விரோதி" என்றார்.

பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் புலி பாயின் மனைவி. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பயில்வானின் மனைவியிடம் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, குஸ்தி நிஜம்தானா என்று கேட்டேன். அந்த அம்மா முறத்தில் வெங்காயத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்டயே சொன்னதில்ல தம்பி. முதுகுல எண்ணெ தேய்க்கையில கேப்பேன், இம்புட்டு அடிபட்டு வாரீகளே, பாயிகிட்ட கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லக் கூடாதான்னு. விரோதிகிட்ட அதெல்லாம் எப்படிடி சொல்றதும்பாரு." முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "பெருநாளைக்குப் பாய் வீட்டுல இருந்து பிரியாணி வந்துரும். யாரு குடுத்தாகன்னு அவரும் கேக்க மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன். ரெண்டு தட்டு சாப்பிடுவாரு."

வருடங்கள் போயின. நான் நாற்காலி மாறி நாற்காலி உட்கார்ந்து ஓய்வுபெற்றேன். அவர்கள் ஓய்வுபெறவில்லை. புலி பாய்க்குச் சர்க்கரை வந்தது, பயில்வானுக்கு முழங்கால் போயிற்று. தூக்கும் உயரம் மட்டும் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. தலைக்கு மேலே இருந்தது தோளுக்கு வந்தது, தோளிலிருந்து இடுப்புக்கு. மூன்று சுற்று ஒரு சுற்றாயிற்று, பிறகு அரைச் சுற்று. ஆனால் அந்தச் சத்தம் குறையவில்லை. மீதி உயரத்தைக் கூட்டம் தானே கற்பனையில் தூக்கிக்கொண்டது. கடைசியாக நான் பார்த்த குஸ்தியில் இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஒருவர்மேல் ஒருவர் தூங்கிப்போனவர்கள் மாதிரி, மணலில் மெதுவாகச் சுற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை. குளத்தில் நிழல் சுற்றுவதைப் பார்ப்பது போல எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர் விழுந்தார். 'பொத்.' எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அந்த வருடம்தான் சிக்கல் வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அந்தோனியார் கோயில் திருவிழா. வருடா வருடம் இவர்கள் குஸ்தி உண்டு. வேறு ஏதோ ஊரில் ஒரு பெரியவர் களத்தில் மயங்கி விழுந்துவிட்டாராம். அதனால் முறையான அனுமதிக் கடிதம் இல்லாமல் மேடை போட முடியாது என்று விழாக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். பயில்வான் ஆதார் நகலோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், ஒரு மனு எழுதணும்."

விளையாட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். அச்சடித்த படிவத்தில் எட்டாவது கலம்: நிகழ்ச்சியின் தன்மை. பேனாவை அங்கே நிறுத்தி விதியையும் விலக்கையும் விளக்கினேன்.

"இங்க 'நடிப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டா வயசு வரம்பு கிடையாதுண்ணே. நாளைக்கே கிடைச்சிரும்."

"குஸ்தின்னு போடுங்க."

"குஸ்தின்னு போட்டா கிடைக்காது. உங்களுக்கு எழுபத்திரெண்டு."

"தெரியும் சார். குஸ்தின்னு போடுங்க."

"நடிப்புக் குஸ்தின்னு போடவா? ரெண்டும் இருக்கட்டும்."

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்த என் மேல் அவர் நிழல் முழுதாக விழுந்தது. குரல் உயரவில்லை.

"அம்பது வருசமா மணல்ல விழுந்து எந்திரிச்சிருக்கேன். இந்த முதுகு, இந்தத் தோளு, இந்த முட்டி. இதுல எது நடிப்புன்னு தொட்டுக் காட்டுங்க, எழுதிக்கலாம்."

குஸ்தி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டார். என் பெயரையும் முகவரியையும் பதில் பெற வேண்டிய இடமாகக் கொடுத்தார், தன் வீட்டுத் தபாலை நாய் கடித்துவிடுகிறது என்று காரணம் சொல்லி.

மனு போய்ப் படுத்துக்கொண்டது. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். விளையாட்டு அலுவலகம் காவல் துறையின் அறிக்கை வேண்டும் என்றது. காவல் நிலையம் விளையாட்டு அலுவலகத்திலிருந்து கடிதமே வரவில்லை என்றது. கடிதம் போயிருந்தது, வேறு காவல் நிலையத்துக்கு. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. விளையாட்டு அலுவலகத்தில் இருந்த பெண் உதவியாளர் நல்ல பிள்ளை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

"சார், உங்களுக்குத் தெரியாததா? எதுத்தாப்ல கலை நிகழ்ச்சிப் பிரிவு. அங்க விழாக் குழு பேர்ல புதுசா ஒண்ணு போடுங்க. எட்டாவது கலத்துல ஒரு வார்த்தை மாத்தினாப் போதும்."

எனக்குத் தெரிந்ததுதான். அவர் சொன்னதால் செய்தேன் என்று எழுதினால் அது பொய். நடைமுறை தெரிந்தவனுக்கு ஒரு வழி கண்ணில் பட்டுவிட்டால் அதில் போகாமல் இருப்பது உடல் உபாதை மாதிரி. விழாக் குழுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன். எட்டாவது கலத்தில் என் கையாலேயே எழுதினேன்: நடிப்புக் குஸ்தி. மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது. பயில்வானிடம், "கிடைச்சிருச்சுண்ணே" என்று மட்டும் சொன்னேன். எது கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விரல்கள் இரண்டு நாள் வலித்தன.

திருவிழா அன்று சாயங்காலம் நான்கு மணி. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஆலயத்திலிருந்து பாட்டு மெலிதாக வந்துகொண்டிருந்தது. முந்திரி மிட்டாய்க் கடை, பலூன், தேர் வந்து போன பாதையில் மிதிபட்ட செவ்வந்திப் பூ. புலி பாய் முகமூடியோடு ஏற்கெனவே கயிற்றுக்குள் உறுமிக்கொண்டிருந்தார். முகமூடிக்குக் கீழே வெள்ளைத் தாடி தெரிந்தது. பயில்வான் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு கால் மேடையில், ஒரு கை கயிற்றில்.

அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. நிகழ்ச்சி தொடங்கும் முன் அனுமதி விவரத்தைப் பொதுமக்கள் அறிய அறிவிக்க வேண்டும். யாரும் பின்பற்றாத நிபந்தனை. அன்று வந்திருந்த இளம் சப் இன்ஸ்பெக்டர் பின்பற்றினார். மைக்கை வாங்கி, ஒலிபெருக்கி அதிர, வரிக்கு வரி வாசித்தார். இடம். நேரம். ஏற்பாட்டாளர். பிறகு, "நிகழ்ச்சியின் தன்மை, நடிப்புக் குஸ்தி."

பயில்வானின் கால் மேடையில் அப்படியே நின்றது. அவர் திரும்பி என்னைத் தேடவில்லை. மைக்கைப் பார்த்தார், சப் இன்ஸ்பெக்டர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

கூட்டம் புரியாமல் முணுமுணுத்தது. நிலைமையைக் காப்பாற்றப் புலி பாய் தன்னால் ஆனதைச் செய்தார். கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"ஏலே! என்னடா எறங்கிட்ட? பயமா? இந்தப் புலியப் பாத்து நடுங்குதா? அம்மா மடில போயி உக்காரு போ!"

"உன்னப் பாத்து எனக்கென்னடா பயம்?" பயில்வான் கீழிருந்தே சொன்னார். "பேப்பர்ல வேற என்னமோ எழுதியிருக்காக. அதுக்கு நான் ஆள் இல்ல."

"வாடா மேல!"

"வர மாட்டேன். நீ ஜெயிச்சிட்டேன்னு வச்சுக்க."

விழாக் குழுத் தலைவர் ஓடிவந்தார். "அண்ணே, சனம் உக்காந்திருக்கு, நம்ம ஊரு அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம்" என்று கும்பிட்டார். பயில்வான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்து சட்டையை வாங்கிப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக மாட்டி, முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் தலைவர் மைக்கில் அறிவித்தார்: எதிராளி களமிறங்காததால் கறுப்புப் புலி வெற்றி. புலி பாய் கையை உயர்த்தினார். உயர்த்திய கை நடுவிலேயே தயங்கி நின்றது. நாற்பது வருடங்களில், முன்கூட்டிப் பேசி வைக்காத ஒரே தோல்வி அதுதான். பயில்வான் கைதட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். கடைசி சீட்டில் புலி பாய், முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே கொய்யாத் தோப்புகளும் கிணற்று மேடுகளும் அந்தி வெளிச்சத்தில் கரைந்துகொண்டே போயின. அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"அது உங்க எழுத்துதானா சார்?" என்றார்.

"ஆமாண்ணே."

"ம்."

நான் அலுவலகத்தில் பல பேர் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன், சில பேர் வேலையைக் கெடுத்தும் இருக்கிறேன். இரண்டையும் செய்துவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அந்த 'சார்' மட்டும் பல மத்தியானங்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். காப்பி வேண்டாம் என்றார். நின்றுகொண்டே கேட்டார்.

"மொதல்ல போட்டோமே ஒரு மனு, குஸ்தின்னு. அதுக்குப் பதில் வந்துச்சா?"

"வரலைண்ணே. திருவிழாதான் முடிஞ்சிருச்சே. இனிமே வந்து என்ன?"

"திருவிழா முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகுது. கேட்டது கேட்டதுதான. ஒரு பேப்பர்ல நடிப்புன்னு சொல்லிட்டாக. மைக்கு வச்சுச் சொல்லிட்டாக. சின்னப் பிள்ளைக எல்லாம் உக்காந்திருந்துச்சு." குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "இந்தப் பேப்பர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது அனுமதி இல்லை. முழங்கால் அவரை இனி எந்த மேடையிலும் ஏறவிடாது என்று அவருக்கே தெரியும். ஐம்பது வருடம் தான் செய்தது என்ன என்று யாராவது ஒருவர், முத்திரையோடு, எழுதிச் சொல்ல வேண்டும்.

என்னிடம் இருந்தது நடைமுறை ஒன்றுதான். அதை முழுதாகக் கொடுத்தேன். நினைவூட்டுக் கடிதம் ஒன்று, இரண்டு, மூன்று. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுவின் மீது மனு. என் பழைய சகாக்கள் என்னைக் கண்டதும் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில் என்னைப் போன்ற ஒரு கிழவர் வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். வாராவாரம் பயில்வான் வீட்டுக்குப் போய், "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு வருவேன். முதலில் வாசலோடு. பிறகு உள்ளே வரச் சொன்னார். பிறகு காப்பி வந்தது. முழங்கால் வீங்கி அவர் கட்டிலோடு கிடந்த நாட்களில் ஆவணத்தின் போக்கை அவருக்கு ஒரு கதை மாதிரி சொல்வேன். இன்றைக்கு அது மாடியிலிருந்து கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கு ஒருவர் விடுப்பில் போய்விட்டார், அவர் மேசையில் இருக்கிறது. பயில்வான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார், ஏதோ தூரத்து ஊரில் நடக்கும் குஸ்தியின் சுற்றுகளைக் கேட்பவர் போல.

கடைசியில் அது வந்தது. காலைத் தபாலில், பழுப்பு உறை. நான் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். அவர் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் விசிறியோடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தேன்.

"பார்வையில் காணும் மனு மற்றும் நினைவூட்டுக் கடிதங்களின் மீது உரிய விசாரணை மேற்கொள்ளப்பட்டது. மனுதாரர் நிகழ்த்த உத்தேசித்துள்ள குஸ்தியானது உண்மையான மல்யுத்தப் போட்டி எனவும், போட்டியாளர்களிடையே நெடுங்காலப் பகைமை நிலவுவதாகவும் விசாரணையில் தெரியவருகிறது. எதிர்ப் போட்டியாளர் தமது வாக்குமூலத்தில், மேற்படி நபர் என் கையில் சிக்கினால் உயிரோடு விடமாட்டேன் எனத் தெரிவித்துள்ளார். எனவே உயிராபத்தைக் கருத்திற்கொண்டும், மனுதாரர் வயது வரம்பைக் கடந்தவர் என்பதாலும், அனுமதி மறுக்கப்படுகிறது."

ஒரே வளாகம், நடுவில் ஒரு வேப்பமரம். அதற்கு இந்தப் பக்கத்து அலுவலகம் நடிப்பு என்று அனுமதித்ததை அந்தப் பக்கத்து அலுவலகம் உண்மை என்று மறுத்திருந்தது. என் பணிக்காலத்தில் இப்படி நடந்திருந்தால் இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருப்பேன்.

"மறுத்துட்டாகளா?" என்றார் மனைவி.

"மறுக்கத்தான் செய்வாக. வயசாயிருச்சுல்ல" என்றார் பயில்வான். "என்னன்னு சொல்லி மறுத்திருக்காகன்னு கேளுடி. தம்பி, அந்த இடத்த இன்னொரு தடவ வாசிங்க."

"உண்மையான மல்யுத்தப் போட்டி எனவும்..."

"உண்மையான."

"உண்மையான."

அவர் உதடு அசைந்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது. பிறகு மெதுவாக, "அவன் அப்படியா சொன்னான்? போலீஸ்காரக கேட்டதுக்கா?" என்றார்.

"வாக்குமூலமே கொடுத்திருக்காரு. கையெழுத்துப் போட்டு."

"உயிரோட விடமாட்டானாமா?" அவர் உடம்பு முழுக்கக் குலுங்கிற்று. கட்டில் கிரீச்சிட்டது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "அதுக்கு நான் அவன் கையில சிக்கணும்ல! சாணார்பட்டில மட்டும் மண்ணு ஈரமா இல்லாம இருந்திருந்தா..."

மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் கையை நீட்டினார், கடிதத்துக்காக. கொடுப்பதற்கு முன், வந்த காகிதத்தின் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்துச் சுருக்கொப்பம் இடும் பழக்கம் என் கையை விட்டு இன்னும் போகவில்லை. பேனாவை எடுத்தேன். சுவரில் மளிகைக் கடைக் காலண்டர் தொங்கியது. தேதியைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு நாள் தள்ளிப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இவருடைய காகிதத்தில் ஒருமுறை திருத்தியவன் நான். இரண்டாவது தடவை என்னால் ஆகாது.

"என்ன தம்பி யோசன?"

"ஒண்ணுமில்லண்ணே. வந்த தேதி போடுறேன்."

"போடுங்க போடுங்க. நல்லாத் தெரியிற மாதிரி போடுங்க."

பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு எழுதினேன். பெறப்பட்ட நாள்: ஏப்ரல் ஒன்று.